போறணைக்கு மேல் சப்பாத்து

விறகுக் கொட்டிலைத் தாண்டி மரங்களுக்குள் நுழைந்த பிறகுதான் இரண்டு சப்பாத்துகளிலும் தண்ணீர் நிரம்பியிருப்பது உறைத்தது. அதுவரை கோபத்தில் நடந்திருக்கிறேன். பின்னால் அந்தப் பெரிய விருந்தினர் விடுதியின் புகைபோக்கி இன்னும் தெரிந்தது. அங்கே ஒன்பது மாதம் பாத்திரம் கழுவினேன். பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து, கழுவுதொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே வந்திருந்தேன். எந்த வேலையை விட்டாலும் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுத்தான் வருவது என் வழக்கம்.

ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணி. மழை விட்டிருந்தது, மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

சண்டை சப்பாத்தால் வந்தது. நான் நகரத்தின் ஓரத்தில், புருசெத்தில், அக்காவின் வீட்டில் இருந்தேன். விடுதி காட்டின் மறுகரையில். பஸ்ஸில் வருவதானால் நகரத்தைச் சுற்றி இரண்டு தடவை மாறி ஏறவேண்டும். நான் விடியற்காலையில் காட்டுப் பாதையால் ஓடி வருவேன். இந்தக் காடு வருடம் முழுவதும் ஈரம். வந்து சேரும்போது சப்பாத்தைப் பிழிந்தால் தண்ணீர் வரும். சமையலறையில் பாண் சுடும் போறணை அதிகாலையிலேயே சூடாக இருக்கும். அதன் மேல் ஒரு காகித மட்டைத் துண்டை விரித்துச் சப்பாத்தை வைப்பேன். தலைமைச் சமையல்காரர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். அதற்குள் காய்ந்துவிடும், எடுத்துவிடுவேன். ஒன்பது மாதமாக யாருக்கும் தெரியாது.

அன்று ஒரு கல்யாண விருந்து. மணப்பெண்ணின் தாய் சமையலறையைப் பார்க்க ஆசைப்பட்டாராம். சமையல்காரர் எட்டு மணிக்கே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதுப் பாண் வாசத்தை முகர்ந்தபடி போறணையை நிமிர்ந்து பார்த்த அந்த அம்மாவுக்கு முதலில் தெரிந்தது என்னுடைய சப்பாத்துகளின் அடிப்பாகம். சமையல்காரர் அவற்றை எடுத்து, கதவைத் திறந்து, முற்றத்து மழையில் எறிந்தார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் எறிந்திருப்பேன். அதனால் நான் மதியம் வரை தட்டுகளைக் கழுவினேன். ஒரு மணிக்கு மேல் அவர் வந்து அமைதியாகச் சொன்னார்: திங்கட்கிழமையிலிருந்து நீ பஸ்ஸில் வா, காட்டால் வராதே. அப்போதுதான் ஏப்ரனைக் கழற்றினேன்.

இனி அக்காவுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய காரியம்.

நான் தீவுப் பக்கத்து ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எங்களுடைய பள்ளிக்கூடக் கட்டடமும் அதே வருடம் யுத்தத்தில் இல்லாமல் போனது. அதன் பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. நோர்வேயில் முதலில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலை. அங்கே மரம் என்று ஒன்றுமே கிடையாது. கல், கடல், காற்று. பிறகு ரயில் பெட்டி கழுவினேன், பத்திரிகை போட்டேன், இந்த நகரத்துக் குறொன்லாண்டில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கினேன். ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அதைப் பெரிய துன்பம் என்று நினைத்ததில்லை. படுக்க இடம் எங்கேயும் கிடைத்தது.

ஜனவரியில் அக்கா தன்னுடைய சின்ன அறையின் கதவுத் திறப்பைத் தந்தபோது ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு வருசம். ஒரு இடத்தில ஒரு வருசம் நிண்டு காட்டு. இல்லையெண்டால் திரும்ப வடக்க போய் மீன் வெட்டு. இஞ்சை நிக்கேலாது."

முன்னர் என்றால் இந்தப் பேச்சு எனக்கு ஒரு பொருட்டே அல்ல. வடக்கே தொழிற்சாலைக் குடியிருப்பில் எனக்கு எப்போதும் ஒரு கட்டில் உண்டு. ஆனால் அந்தச் சின்ன அறையின் ஜன்னலைத் திறந்தால் காடு தெரியும். இருபது நிமிடம் ஓடினால் உள்ளே போய்விடலாம். நான் விட்டுப் போக விரும்பாத முதல் இடம் அதுதான். ஒரு மனிதருக்காகவோ வீட்டுக்காகவோ அப்படி நினைத்திருந்தால் சொல்லிக்கொள்ள அழகாக இருந்திருக்கும். நான் நினைத்தது ஒரு காட்டுக்காக.

அது மிகப் பழைய காடு. அங்கே விழுந்த மரத்தை விழுந்தபடியே விட்டுவிடுகிறார்கள். அது பாசி பிடித்து, உக்கி, முதுகில் குட்டி மரங்களை வளர்த்துக்கொண்டு கிடக்கும். நிற்கிற மரங்களின் கிளைகளில் சாம்பல் நிறத்தில் தாடி போலப் பாசி தொங்கும். பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேர், கல், சேறு, மறுபடியும் வேர். ஓடும்போது மூன்று அடி முன்னால் பார்க்க வேண்டும். வேறு எதையும் யோசிக்க முடியாது. யோசித்தால் விழுவாய். எனக்கு அது பிடித்திருந்தது. இன்னொன்றும் பிடித்திருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே மனிதர்கள் காட்டில் எதிரே வந்தால் "ஹெய்" என்று சொல்லுவார்கள்.

விடுதியின் துணி அறையில் வேலை செய்கிற ஒரு பெண் அக்காவோடு மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவர். மூன்று மணிக்கு அவருக்கு வேலை முடியும்; மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு அக்காவின் கைபேசி அடிக்கும். முதியோர் இல்லத்து வேலையில் அக்கா கைபேசியைத் தொடமாட்டார், மூன்றரைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் எடுத்துப் பார்ப்பார். அதற்கு முன்னர் நான் போய், தேத்தண்ணி போட்டு வைத்து, என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். என் வாயால் கேட்டால் ஒருவேளை இரங்குவார். பிறர் வாயால் கேட்டால் இல்லை.

நீலப் புள்ளி போட்ட பாதையால் போனால், பாதி ஓடிப் பாதி நடந்தாலும் இரண்டு மணித்தியாலம். அப்போது பாதை பிரிகிற இடத்தில் ஒரு மரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது.

சிவப்பு, பனிக்காலத்துப் பாதை. சறுக்கிப் போகிறவர்களுக்கானது. பெப்ரவரியில் நான் அதால் நடந்துதான் வேலைக்கு வந்தேன். பனியில் இழுத்த தடத்தின் மேல் காலால் நடப்பது இங்கே பெரிய குற்றம். ஒரு கிழவர் சறுக்கியபடியே திட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு ஓரமாக நடந்தேன். நேரான, அகலமான, அருமையான பாதை. அரை மணித்தியாலம் மிச்சம். அதை நான் தரையாகத்தான் அறிந்திருந்தேன். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பனிக்காலத்தில் யார் பார்க்கிறார்கள்?

சிவப்பால் இறங்கினேன். முதல் பத்து நிமிடம் நன்றாகவே போயிற்று. பிறகு மரங்கள் விலகி, மஞ்சள் புல் பரந்த ஒரு வெளி வந்தது. எதிர்க்கரையில் அடுத்த சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. இருநூறு அடி தூரம்தான். ஓடினேன். புல் மெத்தை போலத் தாழ்ந்து எழும்பியது. நடுவுக்கு வந்தபோது தாழ்ந்தது எழும்பவில்லை. இடது கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க வலதை ஊன்ற, வலது தொடை வரை போனது.

கடலில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரில் பயம் இல்லை. இது தண்ணீரும் இல்லை, நிலமும் இல்லை. அசைந்தால் இன்னும் இறங்கியது. நான் அசையாமல் நின்று மூன்றரை மணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே! குளிக்கிறீங்களா?"

கரையில் நின்றது எனக்குத் தெரிந்தவர்தான். மதுரைப் பக்கத்துக்காரர், கணினி வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் காட்டில் நீண்ட ஓட்டம் ஓடுவார். முதுகில் தண்ணீர்ப் பை, கையில் இரண்டு மெல்லிய தடிகள், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கத்துகிற மணிக்கூடு. என் காலில் இருந்த சப்பாத்தும் அவர் போட்டுப் பழசானதும் தந்ததுதான். ஓட்டச் சப்பாத்து என்று ஒன்று உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ரெட் மார்க்க ஃபாலோ பண்ணீங்களா? அது ஸ்கீ டிராக்குண்ணே. வின்டர் மட்டுந்தான்."

"தெரியும் தம்பி. மாசியில இதாலதான் போனனான்."

"மாசியில ஐஸ்ஸா இருந்திருக்கும்ல?"

"இப்ப விளங்குது. நீர் அங்கையே நில்லும். கிட்ட வராதையும். உம்மட தடியை நீட்டும்."

"மாட்டிக்கிட்டும் நீர், நில்லும், நீட்டும்! ராஜா காலத்துப் படம் பாக்குற மாதிரி இருக்குண்ணே." சிரித்துக்கொண்டே வயிற்றில் படுத்து, புல்லின் மேல் ஊர்ந்து வந்து, தடியை நீட்டினார். அவருடைய விலை உயர்ந்த மேற்சட்டை முழுவதும் கறுப்புச் சேறு. நானும் வயிற்றில் சாய்ந்து தடியைப் பிடித்தேன். வலது கால் வந்தது. இடது காலும் வந்தது. இடது சப்பாத்து வரவில்லை. தோள் வரை கையை விட்டுத் தேடினேன். உள்ளே குளிர் மட்டும்தான் இருந்தது.

கரையில் உட்கார்ந்தபோது ஒரு சின்னப் பொதியைக் கிழித்துத் தந்தார்.

"சாப்பிடுங்க. எனர்ஜி ஜெல்."

"பல்லு விளக்கிற பசை மாதிரிக் கிடக்கு."

"டேஸ்ட்டும் அப்படித்தாண்ணே. சாப்பிடுங்க."

நடந்ததை எல்லாம் சொன்னேன். போறணைக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, தன்னுடைய முதுகுப் பையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை என் இடது காலில் மாட்டி, கயிறால் கட்டிவிட்டார். "இப்படியே வீட்டுக்குப் போக முடியாது. பக்கத்துல கேபின் இருக்கு, அங்க போவோம்."

அந்தக் கேபின் நடுக்காட்டில் இருக்கும் ஒரு பழைய மரவீடு. நடக்க வருகிறவர்களுக்குக் கோப்பியும் வாஃபிளும் விற்பார்கள். பல தடவை அதைக் கடந்து ஓடியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. நடத்துகிற பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். கம்பளிச் சட்டை, நரைத்த குட்டை முடி. என் முகத்தைப் பார்க்கும் முன்னர் என் கால்களைப் பார்த்தார். வலது சப்பாத்தைக் கேட்டு வாங்கினார். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி அதற்குள் அடைத்தார். அறையின் நடுவில் பெரிய இரும்பு அடுப்பு. அதன் மேலே, எட்டுகிற உயரத்தில், மரச் சட்டங்களால் செய்த ஒரு தட்டு தொங்கியது. அதில் வரிசையாகச் சப்பாத்துகள். பிள்ளைகளின் குட்டிப் பூட்ஸ், பெரியவர்களின் நடைச் சப்பாத்து, ஓட்டச் சப்பாத்து. எல்லாம் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் என்னுடைய ஒற்றையையும் வைத்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மதுரைக்காரர் என்னை இடித்தார். "என்னண்ணே, உங்க ஆளுங்க இங்க இருக்காங்க போல."

அவர் ஒரு கோப்பி குடித்துவிட்டு, வீட்டில் காத்திருப்பார்கள் என்று ஓடிவிட்டார். சுவர் மணிக்கூட்டில் மூன்று மணி பத்து நிமிடம். அக்காவின் கைபேசி அடித்திருக்கும், மூன்றரைக்குள் வீட்டுக்குப் போய்ச் சேரவும் முடியாது. இனி அவசரப்பட்டுப் பலன் இல்லை.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. கோப்பிக் கோப்பைகள் மேசையின் ஓரத்தில் மலையாகக் கிடந்தன. எழுந்து போய்க் கழுவத் தொடங்கினேன். அந்தப் பெண் இன்னொரு தட்டம் கோப்பைகளோடு வந்தார், பார்த்தார், தட்டத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். முக்கால் மணித்தியாலம் கழுவினேன். கடைசிக் கோப்பையைத் துடைத்தபோது அவர் கேட்டார்.

"எங்கே வேலை செய்கிறாய்?"

"இன்று ஒன்றரை மணி வரை விடுதிச் சமையலறையில்."

"ஏன் விட்டாய்?"

"சப்பாத்தை அடுப்புக்கு மேல் காய வைத்தேன்."

அவர் தன்னுடைய அடுப்பின் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்தார். "எந்த அடுப்பு?"

"பாண் சுடும் அடுப்பு."

"அது சரியில்லை," என்றார்.

"சரியில்லைதான்."

அதற்குப் பிறகு ஒரு பெட்டியை இழுத்து வந்தார். ஆட்கள் மறந்துவிட்டுப் போனவை. அதற்குள் இரண்டு ரப்பர் பூட்ஸ் கிடைத்தன, இரண்டும் இரண்டு அளவு, ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. "நாளை காலை ஏழு மணிக்கு இவை எனக்கு வேண்டும்," என்றார். "பத்து மணிக்குத் திறப்போம்." வலது சப்பாத்து இன்னும் காயவில்லை என்று அதைத் தரவும் இல்லை.

வீடு வரை அதையே யோசித்தேன். பத்து மணிக்குத் திறக்கிற இடத்துக்கு, யாரோ மறந்துபோன பூட்ஸ் ஏன் ஏழு மணிக்கு வேண்டும்? இந்த நாட்டுக்காரர் ஒன்றைக் கேட்டால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். சில நேரம் ஒன்றும் இருக்காது.

நான் கதவைத் திறந்தபோது அக்கா சமையலறை வாசலில் நின்றார். அத்தான் மேசையில் தேத்தண்ணியோடு. தேத்தண்ணி நான் போட வேண்டியது.

"சப்பாத்தைப் போறணைக்க வைச்சனியாம்?"

"உள்ளுக்க இல்லை அக்கா. மேல."

"மேல வைச்சால் புண்ணியமோ? கலியாண வீட்டுப் பாண்! அவ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. நாளைக்குக் கோயிலில முழுக் குழுவுக்கும் சொல்லப் போறா."

"அந்தப் பாணுக்கு என்ன பேர் வைச்சவையாம், மச்சான்?" என்று அத்தான் கேட்டார். "சப்பாத்துப் பாணோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ." அக்கா என் கால்களைப் பார்த்தார். பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று. "இதென்ன கோலம்? மற்றச் சப்பாத்து எங்கை?"

"ஒண்டு சேத்துக்க. ஒண்டு காட்டுக்க ஒரு வீட்டில காயுது."

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கோபம் போய்க் களைப்பு வந்திருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

"ஒன்பது மாசம் நிண்டாய். இன்னும் மூண்டு மாசம். நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், என்ர தம்பி திருந்திட்டான் எண்டு. பஸ்ஸில போனால் கால் தேஞ்சு போகுமோ?"

"பஸ்ஸில போறதெண்டால் நான் இஞ்சை இருக்கத் தேவையில்லை அக்கா. வடக்கயும் பஸ் ஓடுது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஓர் இடத்தில் இருக்க விரும்புகிறேன் என்பதை அன்றுதான் முதல் தடவை கேட்டிருப்பார். நானும் அன்றுதான் சொன்னேன்.

"சரி, நாளைக்கு என்ன செய்யப் போறாய்?"

"ஏழு மணிக்கு இந்தப் பூட்ஸைக் குடுக்கவேணும்."

"நாளைக்குத் தமிழ்ப் பூசை. பூசைக்குப் பிறகு குடுக்கலாம்."

"ஏழு மணியெண்டு சொன்னவ. வேலை இருக்குமெண்டு நினைக்கிறன்."

"சொன்னவவோ, நினைக்கிறியோ?"

"நினைக்கிறன்."

அக்கா நெடுநேரம் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது. "வேலையெண்டால் பூசையை விட்டதை ஆண்டவர் மன்னிப்பார்," என்றார். "வேலை இல்லையெண்டால் நான் மன்னிக்க மாட்டன். நாளைக்கு வேலையோட வா. இல்லையெண்டால் உடுப்பை அடுக்கு."

அத்தான் தன்னுடைய பழைய விளையாட்டுச் சப்பாத்தைக் கொண்டுவந்து என் அறை வாசலில் வைத்தார். "எங்கையாவது அடுப்பைக் கண்டால் ஒதுங்கிப் போ," என்றார்.

காலையில் ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டேன். நெற்றியில் விளக்கு, முதுகுப் பையில் பூட்ஸ். நீலப் புள்ளியை விட்டு ஓர் அடியும் விலகவில்லை. அத்தானின் சப்பாத்து எனக்குக் கொஞ்சம் இறுக்கம், ஆனால் வேர்களில் நன்றாகப் பிடித்தது. ஏரிக்கரைக்கு வந்தபோது மரங்களுக்கு மேலே வானம் வெளுக்கத் தொடங்கியது. வேலை கிடைக்காவிட்டால் இது கடைசி ஓட்டம் என்று தெரியும். தெரிந்தும் மனம் நன்றாகவே இருந்தது. மூன்று அடி முன்னால் பார்த்து ஓடுகிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பெண் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பூட்ஸை நீட்டினேன். வாங்கி, பார்க்காமலேயே வாசலில் போட்டார். மணிக்கூட்டைத்தான் பார்த்தார். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"எப்படி வந்தாய்?"

"ஓடி."

"புருசெத்திலிருந்தா?"

"ஆம்."

"இங்கே பஸ் இல்லை. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதனால்தான் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வசந்தத்திலிருந்து மூன்று பேர்." கோடரியைக் கட்டையில் ஊன்றினார். "கிழமையில் ஐந்து நாள். பாத்திரம், விறகு, வாஃபிள். பனியிலும் வர வேண்டும்."

"சிவப்புப் பாதையால் வருவேன். பனிக்காலத்தில்."

"ஓரமாக நடந்து வா," என்றார்.

எந்த முதலாளியிடமும் நான் கேட்டிராத ஒன்றை அப்போது கேட்டேன். "ஒரு வருடம் இருக்கலாமா?"

அவர் உள்ளே போய் ஒரு தகர வாளியையும் சாம்பல் அள்ளுகிற சின்னச் சவளையும் எடுத்து வந்து என் கையில் தந்தார். "முதலில் அடுப்பு," என்றார். "பத்து மணிக்கு வருகிறவர்களுக்குச் சப்பாத்துக் காய வேண்டும்."

மேல்தட்டில் என்னுடைய ஒற்றைச் சப்பாத்து மட்டும் இருந்தது, நன்றாகக் காய்ந்து. அத்தானுடையதைக் கழற்றித் தாள் அடைத்து அதன் பக்கத்தில் வைத்தேன். வாசலில் கிடந்த பச்சைப் பூட்ஸையும் கறுப்புப் பூட்ஸையும் மறுபடியும் போட்டுக்கொண்டு, அடுப்பின் முன்னால் குந்தி, முதல்நாள் சாம்பலை அள்ளத் தொடங்கினேன்.